வாடகைக்கு ஒரு வெள்ளைத்தாள்

மூணாறு எஸ்டேட் லயத்தில் மூன்று தலைமுறை அடுப்பெரித்தாலும் அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகாது. கொழுந்து பறிக்கிற கை ஓய்ந்ததும் காலி செய்துவிட்டு இறங்க வேண்டியதுதான். நம் மலைக்குப் பழகிப்போன இந்த ஏற்பாட்டைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் 'சந்தா' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வேர்டும் எக்செலும் அடங்கிய மைக்ரோசாப்ட் 365-க்குத் தனியாள் ஒருவர் இந்தியாவில் கட்டிய ஆண்டுச் சந்தா 4,899 ரூபாய். 2025 தொடக்கத்தில் அது 6,899 ஆனது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்திருக்கிறார்களாம். தண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துக்கு மனு அடிக்கிறவர் அதைக் கேட்டாரா? கேட்காமலே கொடுக்கிற வள்ளல்கள்! காசை மட்டும் நம்மிடம் வாங்கிக்கொள்வார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கூத்து. கோபைலட் இல்லாமல் பழைய விலைக்கே 'கிளாசிக்' திட்டம் இருந்ததைச் சுமார் 27 லட்சம் பேரிடம் மறைத்ததாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. சந்தாவை ரத்து செய்யப் போனவருக்கு மட்டுமே அந்தத் திட்டம் தரிசனம் தந்ததாம். வழக்கு வந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகத்துக்கே கணக்குப் போட எக்செல் விற்கிறவர்களுக்கு, மலிவான திட்டத்தைச் சொல்ல மட்டும் மறந்துபோனது.

சந்தா தீர்ந்தால் என்ன ஆகும்? நீங்கள் எழுதியதை நீங்கள் திறந்து படிக்கலாம், அச்செடுக்கலாம். கணினியில் நிறுவிய அவர்கள் செயலியில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது.

"சரி, மொத்தமாகவே வாங்கிவிடுகிறேன்" என்கிறீர்களா? ஆபீஸ் 2024 இருக்கிறது: ஒரு கணினிக்கு, ஐந்து ஆண்டு ஆதரவோடு. அடுத்த பதிப்பு வேண்டுமானால் மறுபடியும் முழுக் காசு. ஆபீஸ் 2016, 2019 வாங்கியவர்களுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்த 2019-ஐ விற்றுக்கொண்டிருந்தபோதே, இரட்டையர்களை உட்கார வைத்து, அது 365-க்கு முன்னால் எவ்வளவு மந்தம் என்று மைக்ரோசாப்டே விளம்பரம் எடுத்தது. தன் சரக்கைத் தானே கேலி செய்து விற்கிற துணிச்சலுக்குச் சிலை வைக்கலாம்.

இந்த இரண்டையும் விட்டால் வழியில்லை என்பதுதான் பெரிய பொய். நம் பிள்ளைகள் படிக்கிற கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் கற்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் தமிழில் உண்டு. இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை பள்ளி முடித்து மூணாறிலோ, சித்தூரிலோ, எல்லை தாண்டிப் போடியிலோ பொள்ளாச்சியிலோ வேலைக்கு விண்ணப்பித்தால், "எம்.எஸ். ஆபீஸ் கட்டாயம்" என்கிறது அறிவிப்பு. பொதுப்பணத்தில் கற்ற வித்தை வாசலிலேயே செல்லாக்காசு. வயது, படிப்பு, அனுபவம் கேட்பதோடு, ஒரு தனியார் கம்பெனியின் வாடிக்கையாளராகவும் இருக்கச் சொல்வதற்குப் பெயர் தகுதியா?

அப்படி எழுதுகிற மேலாளர், அந்த 6,899 ரூபாயையும் சம்பளத்தில் ஏற்றிக் கொடுக்கட்டும். மனம் வரவில்லையா? அந்த வரியை அடித்துவிடட்டும். அடிக்கச் சந்தா எதுவும் கட்ட வேண்டாம். ஐந்து ரூபாய்ப் பேனா போதும்.