தலைவர் அளந்த கிணறு

இணுவிலில் ஒருவருக்குப் பதவி கிடைக்க வேண்டுமானால் அவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் "எனக்கு நேரமில்லை" என்று மறுத்துவிடுவார். எங்கள் தொண்டுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று, கொங்கிறீற் லொறிக்காரன் அழைத்தானென்று நான் வாசலுக்குப் போனேன். அவன் எந்த ஒழுங்கைக்குள் சிக்கி நிற்கிறான் என்று கேட்டறிந்துகொண்டு திரும்பி வர, எல்லாரும் கை தட்டினார்கள். முன்மொழிந்தவர் என் ஒன்றுவிட்ட அண்ணா. வழிமொழிந்தவர் யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முதலுதவி, குருதிக்கொடை, மாரி வந்தால் வெள்ள நிவாரணம் என்று என் காலத்துக்கு முன்னர் அது ஒழுங்காகத்தான் நடந்து வந்தது. "இனி இளம் ஆக்கள் செய்யட்டும்" என்று மூத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இளம் ஆக்கள் என்றால் வங்கியில் ஒருத்தி, கணக்காய்வில் ஒருவன், வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கொம்பனிக்கு மென்பொருள் எழுதும் இரண்டு பேர், உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு தங்கச்சி, நான். நான் கியூ.எஸ். கட்டட வேலைகளை அளந்து, விலை போட்டு, பில் சரிபார்ப்பவன். சங்கத்தில் எனக்குப் பதவி கிடைத்ததென்று கேட்டதும் அம்மா முதலில் அறிவித்தது கலியாணத் தரகருக்கு.

அலுவலகத்தில் கற்றதையெல்லாம் சங்கத்தில் இறக்கினேன். எக்செல்லில் ஓர் ஆண்டுத் திட்டம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி. வட்ஸ்அப்பில் "நிர்வாகம்" என்றொரு குழு, பிறகு "நிர்வாகம் அவசரம்", பிறகு "நிர்வாகம் பகிடி வேண்டாம்". இந்த மூன்றாவதில் இன்றுவரை பகிடியைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை. எல்லாருக்கும் ரீசேட் அடித்தோம். முதுகில் ஆளுக்கொரு பதவி. பதவியில்லாத உறுப்பினருக்கென்று அடிப்பித்த ரீசேட் மட்டும் அளவெடுக்க ஆளில்லாமல் அலுமாரியில் கிடக்கிறது.

கட்டட வேலைத்தளத்தில் நான் ஒரு சொல் சொன்னால் மேசனார் இரண்டாம் தரம் கேட்கமாட்டார். அது என் ஆளுமை என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய பில் என் கையால் போகிறது என்பது சங்கத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இங்கே ஒருவருடைய பில்லும் என் கையில் இல்லை. "நாளைக் காலமை ஏழு மணிக்கு எல்லாரும் நிற்க வேணும்" என்று எழுதினால், உடனே பெருவிரல் படங்கள் வந்து விழும். வாசித்துவிட்டேன், வரமாட்டேன் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

பொறாமை எப்போது வருமென்றால், தைப்பூசத்தில் கந்தசுவாமி கோயில் பெருமஞ்சம் வெளியே வரும்போது. அத்தனை பெரிய மரவேலையை, அத்தனை சனத்துக்குள், தோளில் துவாய் போட்ட ஓர் ஐயா கையை உயர்த்தி நிறுத்துகிறார். கையை இறக்க நகர்கிறது. அவருக்கு ரீசேட்டும் இல்லை, எக்செல்லும் இல்லை. கேட்டால், "நான் சும்மா நிக்கிறன் தம்பி" என்பார்.

அந்தக் கோயிலிருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் குருதிக்கொடை முகாமுக்கு நாள் குறித்த கதையைச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் தொடங்கும். நோயாளிகளில் சிலருக்குக் குருதிச் சிறுதட்டுகள் தேவைப்படும். அவற்றை ஐந்து நாள் அளவுக்குத்தான் வைத்திருக்கலாம். ஆகவே முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்க முடியாது, கொடுப்பவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும், ஸ்லைட் போட்டு விளக்கியுமிருக்கிறேன். மண்டபம் கிடைக்கிற, மழை குறைவென்று சொல்லப்பட்ட, எல்லாருக்கும் விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமையை எக்செல் பச்சையில் காட்டியது. இரத்த வங்கியிலிருந்து கட்டில்களோடு வந்துவிட்டார்கள். பனர் காற்றில் விறைத்து நின்றது.

சனமும் வந்தது. நெற்றி நிறைய விபூதியோடு, கோயிலால் வருகிற வழியில், வரிசையாக வந்து எட்டிப் பார்த்தது. "நல்ல காரியம் தம்பி. ஆனா நாங்கள் சஷ்டி விரதமெல்லே."

கந்தசஷ்டி. ஆறு நாளும் ஊரில் பாதிப்பேர் பாலும் பழமும். சிலர் வெறும் தண்ணீர். வெறுவயிற்றில் இருப்பவரிடம் குருதி எடுக்கமாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், 50 கிலோவாவது இருக்க வேண்டும், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று நான் பட்டியல் போட்டு ஒட்டியிருந்த எல்லா நிபந்தனைகளிலும் தேறிய திடகாத்திரமான ஆண்கள், சாப்பிடவில்லை என்ற ஒன்றில் விழுந்தார்கள். இதற்குமேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கொடையாளர்களுக்கென்று நான் ஓடர் கொடுத்திருந்த சிற்றுண்டி ஆட்டிறைச்சி ரோல்ஸ். கோயில் மணி கேட்கிற தூரத்தில், சஷ்டியில், பெட்டி பெட்டியாக. மூடியைத் திறந்த பெரியம்மா ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில் சூரன் நான்தான்.

ஆளில்லாத கட்டிலைப் பார்க்கப் பொறுக்காமல் நானே போய்ப் படுத்தேன். தாதி கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றா. பனர் கட்டுகிற அவதியில் ஒன்றுமில்லை. "இரவு நித்திரை?" அதுவுமில்லை. "அப்ப எழும்புங்கோ." தலைவர் என்று எழுதிய முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பி வந்தேன். அந்த ரோல்ஸை அன்று மாலை, விரதமில்லாத வீடு எது என்று விசாரித்து விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கள் பதவிக்காலத்தில் முழு வெற்றி பெற்ற விநியோகம் அது ஒன்றுதான்.

முதலுதவியில் நான் கெட்டிக்காரன். பொம்மையின் நெஞ்சில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, நிமிடத்துக்கு 100இலிருந்து 120 வேகம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், எல்லாம் அளந்து வைத்ததுபோல வரும். பயிற்சியாளரே மெச்சினார். பிறகொருநாள் மருதனார்மடச் சந்தியில், சந்தை முடிகிற நேரம், ஒரு ஐயா சைக்கிளோடு சரிந்து விழுந்தார். நான் முன்னே பாய்ந்து, பயிற்சியில் சொன்னபடி கூட்டத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்டி, "அண்ணை, நீங்கள், 108க்கு அடியுங்கோ!" என்றேன்.

"தம்பி, அது இந்தியா," என்றார் ஓட்டோ அண்ணை. "இஞ்சை 1990."

தமிழ்நாட்டுச் சீரியல்களை அம்மாவோடு இருந்து பார்த்ததன் விளைவு. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அதுவும் இந்திய உதவியோடு வந்ததுதான், ஆனால் இலக்கம் எங்களுடையது. அந்த இலக்கத்தைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தவனும் நான்தான். அதற்குள் மரக்கறிக்கார அக்கா ஒருவர் ஐயாவை நிழலுக்கு நகர்த்தி, சேட் பொத்தானைக் கழற்றி, "சாப்பிட்டனீங்களோ, சீனி வருத்தம் இருக்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தா. ஐயாவுக்குச் சீனி இறங்கியிருந்தது. இனிப்புத் தேத்தண்ணியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் அவருடைய சைக்கிளை நிமிர்த்தி வைத்தேன். யாராவது அதையும் செய்யத்தானே வேண்டும்.

வெட்கம் வரும்போதெல்லாம் படித்தவர்கள் வரலாற்றுக்குள் ஒளிந்துகொள்வார்கள். நானும் போனேன். பக்கத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தது 1860களில். 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. தமிழை ஒரு சொல்லிலிருந்து தொடங்கிப் படித்து, உடற்கூற்று நூலையே தமிழாக்கி வைத்தார். அவர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, சனசமூக நிலையத்தில் அம்மாமாருக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க நான் கொண்டுபோன ஸ்லைடுகளில் முழுக்க முழுக்க ஆங்கிலம். ஒரு மாமி கையை உயர்த்தி, "தம்பி, படம் நல்லாயிருக்கு, கதை எப்ப சொல்லுவியள்?" என்று கேட்டா. கிறீனிடம் ஆறுதல் கிடைக்கவில்லை.

செஞ்சிலுவைக்கு வித்திட்ட ஹென்றி டுனான்ட் பரவாயில்லை. 1859 யூன் 24இல் சொல்ஃபெரினோவில் சண்டை நடந்தபோது அவருக்கு 31 வயது, என் வயது. அவர் அங்கே போனது தொண்டு செய்ய அல்ல. அல்ஜீரியாவில் மாவாலை போட்டிருந்தார், ஆலைக்குத் தண்ணீர் உரிமை கிடைக்கவில்லை. மூன்றாம் நெப்போலியனைப் பிடித்துக் காரியம் முடிக்கலாம் என்று வெள்ளை உடுப்பில் வந்தவர், பக்கத்து ஊரான கஸ்திலியோனேயில் தேவாலயம் நிறையக் கிடந்த காயப்பட்டவர்களுக்குள் சிக்கிக்கொண்டார். பதவி இல்லை, மருத்துவம் தெரியாது. ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டார். தன் வண்டிக்காரனைப் பிரேஷா நகருக்கு அனுப்பிச் சாமான் வாங்குவித்தார். அந்தப் பட்டியலை வாசித்தபோது என் தொழில் பதறியது: எலுமிச்சம்பழம், சீனி, சேட்டு, காயத்துணி, ஊசி, அதோடு சுருட்டும் புகையிலையும். நிவாரணப் பட்டியலில் புகையிலை! புகையிலை விளைந்த இந்த ஊரிலேயே நான் அதை அனுமதித்திருக்கமாட்டேன். அவர் அனுமதித்தார். கால் வெட்டப்படப் போகும் சிப்பாய்க்கு ஒரு சுருட்டு ஆறுதல் தரும் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் கணக்கில் மனிதர் பூச்சியம். 1863இல் ஜெனீவாவில் ஐந்து பேராகச் சேர்ந்து தொடங்கிய குழுதான் செஞ்சிலுவையானது. 1867இல் டுனான்ட் கடனில் மூழ்கினார், குழுவும் அவரைக் கழற்றிவிட்டது. கூட்டமும் அறிக்கையும் ஒழுங்காக நடத்திய சட்டத்தரணி முவானியே 1864இல் தலைவரானவர், 1910இல் சாகும்வரை இறங்கவேயில்லை. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்களுக்கு ஜெனீவாவிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். அதே 1910இல், ஒக்ரோபர் 30, டுனான்ட்டும் போனார். அந்தத் திகதி எங்களுக்கு வேறு காரணத்தால் மறக்காது. 1995இல் அன்றுதான் போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். தென்மராட்சியில் யாரென்று தெரியாத ஒரு வீட்டுக்காரர் விறாந்தையைக் காட்டி, "இதிலை இருங்கோ" என்றாராம். படிவம் நிரப்பச் சொன்னாரா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

டுனான்ட்டுக்குப் பிரச்சினை தண்ணீரில் தொடங்கியது. எனக்கும் தண்ணீரில்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைநீரே கிணறு. வெள்ளம் வந்தால் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துவிடும். அப்போது கிணற்றை இறைத்து, குளோரின் தூள் கரைத்து விட்டு, ஒரு நாள் பொறுத்து, திரும்ப இறைக்க வேண்டும். எவ்வளவு கிணற்றுக்கு எவ்வளவு தூள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பீ.எச்.ஐ ஐயா, எழுதித் தந்திருந்தார். அளப்பது என் பொறுப்பு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அளவை என் தொழில்.

மூன்று மீற்றர் அகலம், நான்கு மீற்றர் தண்ணீர். பை, பெருக்கல், மூன்று, பெருக்கல், மூன்று, பெருக்கல், நான்கு. 113 கன மீற்றர். வீட்டுக்கார ஐயா, "தம்பி, இந்தக் கிணத்துக்கை அவ்வளவு தண்ணியோ?" என்று கேட்டார். துலா மிதித்த காலத்திலிருந்து அந்தக் கிணற்றைத் தெரிந்தவர். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது.

மூன்று மீற்றர் விட்டம். ஆரை ஒன்றரை. கிணற்றில் இருந்தது 28 கன மீற்றர். விழுந்தது நான்கு மடங்கு தூள். அடுத்த நாள் வளவு முழுக்க நீச்சல் தடாக மணம். மாமி வாளியை முகர்ந்து பார்த்து, "பிள்ளை, இதிலை வேட்டி தோய்ச்சால் நீலம் போடத் தேவையில்லை," என்றா. பீ.எச்.ஐ ஐயா என் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி என்ன வேலை?" என்றார். சொன்னேன். தாளை நான்காக மடித்துத் திருப்பித் தந்தார்.

தவறைக் கண்டுபிடித்தது அவருக்கும் முன்னால் எங்கள் உயர்தரத் தங்கச்சி. "அண்ணா, ஆரையெல்லே எடுக்க வேணும்?" என்று முதல் நாளே குழுவில் எழுதியிருந்தாள். "பகிடி வேண்டாம்" குழுவில் எழுதியதால் நான் பார்க்கவில்லை.

தண்ணீர் பம் வைத்து இறைத்து இறைத்து மணம் போகும்வரை அந்த வீட்டுக்கு நான் அயல் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். அனர்த்த காலத்தில் ஆளொன்றுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்று ஸ்ஃபியர் கைநூல் சொல்கிறது. அதை நான் பல கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். 75 லீற்றர் என்பது எத்தனை கான், எத்தனை நடை, கைப்பிடி விரலில் எங்கே வெட்டும் என்பதெல்லாம் அந்தக் கைநூலில் இல்லை. ஐயா விறாந்தையிலிருந்து, "தம்பி, ஆறுதலாக, ஆறுதலாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னில் கோபமில்லை என்பதுதான் தாங்க முடியாமலிருந்தது.

இப்போது கிணறு அளப்பது தங்கச்சி. முகாமுக்கு நாள் குறிப்பது அம்மாவின் பஞ்சாங்கம். என் பதவிக்காலம் இன்னும் முடியவில்லை. இராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் கையளிக்க வேண்டும் என்று யாப்பில் இருப்பதால் அதுவும் நகரவில்லை.

இதற்கிடையில் தரகர் ஒரு நல்ல சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் வீட்டார் வழக்கப்படி ஊருக்குள் வந்து விசாரித்திருக்கிறார்கள். சந்திக் கடைக்காரர், நல்லது சொல்லுவோம் என்ற எண்ணத்தோடுதான், "ஆர், அந்தக் கிணத்துக்கை மருந்து போட்ட பெடியனோ? நல்ல பெடியன்," என்றாராம். அவர்கள் வந்த வானிலேயே திரும்பிவிட்டார்கள். விளக்கம் சொல்ல அம்மா அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனா, துணைக்குப் பீ.எச்.ஐ ஐயாவையும் கூட்டிக்கொண்டு.