பழக்கூடையில் விழுந்த பந்து

கேள்வி: கூடைப்பந்து அமெரிக்கர்களின் ரத்தத்திலேயே ஊறிய ஆட்டமாமே?

பதில்: ஊறியது உண்மை. ஊற்றியவர் கனடாக்காரர்! 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிருக்குப் பயந்து உள்ளே அடைபட்டு ரகளை செய்த மாணவர்களைச் சமாளிக்க, ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டினார். கூடையின் அடியை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். (நல்லவேளை, முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் விழுந்தது.)

பேஸ்பாலுக்குப் பெரிய மைதானம் வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு வளையமும் நாலு முழம் சிமெண்ட் தரையும் போதும். நெரிசலான நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் இதைத் தமதாக்கிக்கொண்டது அதனால்தான். அவர்களுக்குத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் கதவு திறந்ததோ 1950-ல். பிறகு அவர்கள் நடையே அமெரிக்க நடையானது. 1985-ல் என்.பி.ஏ. வீரர் மைக்கேல் ஜோர்டான் பெயரில் ஷூ கடைக்கு வந்தது. பந்தையே தொடாதவர்களும் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் எதிரணி வீரர்களே அமெரிக்க அணியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தோற்கப்போவது உறுதி, படமாவது மிஞ்சட்டுமே!

இத்தனைக்கும் காரணமான நைஸ்மித் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது எப்போது தெரியுமோ? 1925-ல்.