‘கேஸ் இல்ல சார்’: ஒரு சூத்திரமும் அதன் விருத்தியுரையும்

சூத்திரம்:
குளிர்குறையின் கேஸ்குறையும் என்மனார் மெக்கானிக்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கார் ஏ.சி.க்கு வரும் நோய் அனைத்துக்கும் காரணமும் மருந்தும் ஒருங்கே உணர்த்துதல் நுதலிற்று. ஆக்கியோன் பெயர் மறைந்தது. வழங்கும் எல்லை, வாசலில் வெளிர்நீல சிலிண்டர் நிற்கும் கடை தோறும். காலம், கத்திரி பிறக்கும் மே முதல் வாரம். கேட்போர், முதுகோடு சட்டை ஒட்டிய நிலையில் வந்து சேரும் கார்க்காரர். பயன், பில்.

இச்சூத்திரத்தை அப்படியே ஏற்பவர்களைக் ‘கேஸ்வாதிகள்’ என்போம். பெட்ரோல் தீர்வதுபோல் கேஸும் தீரும், ஆண்டுக்கொரு முறை நிரப்ப வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. “போன வருஷம் போட்டது எங்கண்ணே போச்சு?” என்று கேட்டால், “வெயில்ல ஆவியாயிடும் சார்” என்று விடை வரும்.

இவ்விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏனெனில் பாதி உண்மை. இன்று ஓடும் கார்களில் பெரும்பான்மையானவற்றில் உள்ள ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கி அனுப்ப, முன்பக்க கண்டென்ஸரில் வாங்கிய சூட்டை வெளியே கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. ஆக, ஆவியாவது அதன் தொழில். ஓடிப்போவது அதன் தொழில் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அரைக் கிலோ சரக்கு தானாகத் தீராது. ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு போகலாம். ஓராண்டில் காலியானால் எங்கோ ஓட்டை. இது கசிவுவாதிகள் கட்சி, உரையாசிரியர்க்கும் உடன்பாடு.

இனி வரலாறு. 1940-ஆம் ஆண்டு மாடலுக்கு அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தித் தந்தது. குளிரூட்டும் பெட்டி டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ‘குளிருது, குறைங்க’ என்று பின்சீட்டிலிருந்து சொல்லும் வழக்கம் அக்குடும்பங்களில் வேரூன்றியிருக்க வாய்ப்பில்லை. அந்நாளைய கேஸ் ஆர்-12. அது ஓசோனை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டு, 134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு வல்லது. ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புபவர், அடுத்த கத்திரிக்குத் தம்மால் இயன்ற சூட்டைச் சேர்த்து வைக்கிறார் என்க.

சூத்திரம் எங்கெல்லாம் பிழைக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வருமாறு. ஒரு கார் திண்டிவனம் சாலையில் ஓடும்போது பல் கிட்டும் குளிர். கத்திப்பாரா நெரிசலில் நின்றதும் அனல். கேஸ் குறைந்திருந்தால் திண்டிவனத்துக்கு மட்டும் அது எப்படி நிறைந்தது? இங்கே முதலில் பார்க்க வேண்டியது கண்டென்ஸர் ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. நின்றால் செய்ய ஆளில்லை. ஃபேன் சுற்றினால் அடுத்து கண்டென்ஸரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூச்சியும் புழுதியும் அப்பியிருந்தால் மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப்பை அருகில் பிடித்தால் துடுப்புகள் மடங்கி, காற்றுக்கு இருந்த வழியும் போகும்.

காற்று சில்லென்றிருக்கிறது, ஆனால் முனகலாக வருகிறதா? கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸின் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். சருகு, முடி, சில வேளை எலி கட்டிய வீடு ஆகியன அதனுள் காணப்படும். ப்ளோயர் நாலாம் நம்பரில் மட்டும் சுற்றினால் பெரும்பாலும் ரெஸிஸ்டர் போயிருக்கும். முன்சீட்டுக்காரர் காலடியில் மேட் நனைந்தால் கூலிங் காயிலின் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. குழந்தையைச் சந்தேகிக்க வேண்டா. இவற்றுள் எதுவும் கேஸ் அன்று.

உண்மையிலேயே கேஸ் குறைந்த இடத்தும் நிரப்புவது கடைசி வேலை. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். கண்ணுள்ளவர்க்கு அதுவே சான்று. இல்லையேல் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பர். ஓ-ரிங் மாற்றி, அரைமணி நேரமாவது வாக்குவம் போட்டு, பானட்டுக்கடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்றிருக்கிறதோ அத்தனையை எடை போட்டு ஏற்ற வேண்டும். “கொஞ்சம் கூடவே போடுங்கண்ணே” என்பது தேங்காய்க்கடையில் கேட்கத்தக்கது. இங்கே கூடினாலும் குளிர் குறையும்.

எஞ்சியிருப்பது வீட்டுத்தலைவர் மரபு. விருந்தினர் ஏறினால் ஏ.சி., பெற்ற பிள்ளைகள் ஏறினால் கண்ணாடி இறக்கம் என்பது அவர்கள் ஒழுகலாறு. மைலேஜ் குறையும் என்பது ஏது. ஊருக்குள் ஊர்ந்து போகையில் இவ்வாதம் நிற்கும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த ஜன்னலும் காற்றை எதிர்த்து எரிபொருளைத் தின்பதால் தளரும். ஆனால் அத்தலைவர் கார்த்திகை முதல் மாசி வரை ஏ.சி. பொத்தானைத் தொடவே விடமாட்டார். கம்ப்ரஸர் சுற்றாததால் ஆயில் சுற்றாது. ஷாஃப்ட் சீல் காய்ந்து சுருங்கும். சுருங்கிய வழியே கேஸ் கிளம்பும். வாரம் ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் சீல் நனைந்தே இருந்திருக்கும். சித்திரையில் கார் கடைக்குப் போகிறது. மெக்கானிக் கேஜை மாட்டி, சூத்திரத்தை ஓதுகிறார். இம்முறை அது சரி.

வீட்டுத்தலைவர் பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மகனிடம் சொல்கிறார்: “அதுக்குத்தான்டா ஏ.சி.யே போடாதேன்னு சொன்னேன்.”