நிழலுக்கு ரேட் இல்லை

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவின் வாசலில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. மூன்றிலுமே 'மேம்படுத்தப்பட்ட பூங்கா திறப்பு விழா' என்றுதான் பொறித்திருக்கிறது. மேம்படாத பூங்காவை முதன்முதலில் யார் திறந்து வைத்தார் என்பதற்குக் கல்வெட்டு கிடையாது. உருப்படியான வேலை செய்தவர் அந்த மனிதர்தான் என்பது என் கட்சி.

அவர் காலத்துப் பூங்காவில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. நாலு தூங்குமூஞ்சி மரம், உபயதாரர் பேர் போட்ட சிமென்ட் பெஞ்சுகள், நடுவில் ஒரு ரேடியோ ரூம். சாயங்காலமானால் மாநிலச் செய்தியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஊழியர் டீ குடிக்கப் போய்விடுவார். கேட்கிறவர்கள் கேட்பார்கள், மற்றவர்கள் வேர்க்கடலை உரிப்பார்கள். சம்பந்தம் பேசுவதிலிருந்து பாகப்பிரிவினை வரை அந்த பெஞ்சுகளில்தான் தீரும். சந்தைக்கு வந்தவர்கள் மத்தியானம் துண்டை விரித்துப் படுத்தால் வெயில் தாழ்ந்துதான் எழுந்திருப்பார்கள். பொழுதைப் போக்க யாரும் மெனக்கெடவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2015-இல் மத்திய அரசு 500 நகரங்களுக்கு அம்ருத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எங்கள் ஊரும் அந்த 500-இல் ஒன்று. குடிநீரும் கழிவுநீரும்தான் அதில் பெரிய செலவு. பூங்காக்களுக்கு அதிகபட்சம் 2.5 சதவீதம். ஆனால் பாதாளச் சாக்கடை முன்னால் நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்? ஆகவே ரிப்பன், கத்தரிக்கோல், சாமியானா எல்லாம் அந்த இரண்டரை சதவீதத்துக்கே வந்து சேர்ந்தன.

முதலில் தரை. மண் கண்ணில் பட்டால் அது மேம்பாடே இல்லை. வாசலிலிருந்து கழிப்பறை வரை பேவர் பிளாக் பதித்தார்கள். பாதை நேராகப் போக வேண்டும் என்பதற்காக மூன்று தூங்குமூஞ்சிகள் போயின. பதிலுக்கு சிமென்டில் ஒரு மானும் ஒரு டைனோசரும் வந்தன. மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியரிடம், "மரத்தை விட்டுட்டுப் பாதையை வளைச்சிருக்கலாமே சார்" என்று கேட்டேன். நல்ல மனிதர். வேலையை அளந்து எழுதும் எம்-புக்கைத் திறந்தே காட்டினார். பேவர் பிளாக்குக்குச் சதுர மீட்டர், கம்பிக்குக் கிலோ, டைனோசருக்கு எண்ணிக்கை.

"நிழலுக்கு ரேட் இல்லீங்களே சார். அளந்து எழுதினாத்தான் பில் பாஸாகும். நிழல் காலையில ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. நாளைக்கு ஆடிட்ல யார் பதில் சொல்றது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தணிக்கைத் துறையிடமும் இருக்காது.

அடுத்தது எட்டு. இப்போது தமிழ்நாட்டில் எட்டு வடிவ நடைபாதை இல்லாத பூங்காவைப் பூங்கா என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பக்கமாகக் கொஞ்ச நேரம், பிறகு திசை மாற்றிக் கொஞ்ச நேரம் நடந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் ஓடிவிடும் என்று பக்கத்திலேயே பலகை சொல்கிறது. யார் எப்போது திசை மாற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை. எட்டுக்கு நடுவில் ஒரு சந்திப்பு உண்டல்லவா? காலை ஆறு மணிக்கு அந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு டிராஃபிக் போலீஸ் தேவைப்படுகிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தெற்கிலிருந்து வருவார். ஓய்வு பெற்ற வட்டாட்சியர் வடக்கிலிருந்து வருவார். சர்வீஸில் இருந்த நாளில் யாருக்கும் வழிவிட்டுப் பழகாத இரண்டு பேர். முட்டிக்கொள்ளாமல் நடுவில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர்கள் கூழாங்கல் பாதையில் இறங்கி 'ஸ்ஸ்' என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போவார்கள். ரத்த அழுத்தம் குறைகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த இருவரின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளில் காலை எட்டு மணி வரை குழந்தைகள் தொங்குகின்றன. ஊஞ்சலில் அவர்களின் தாத்தாக்கள் ஆடுகிறார்கள். வாட்ச்மேன் வந்து விசில் அடித்ததும் இடம் மாறிக்கொள்வார்கள்.

அந்த வாட்ச்மேன் அண்ணன்தான் மேம்பாட்டின் உச்சம். ஒருநாள் புல்தரையில் உட்கார்ந்தேன். ஓடி வந்தார்.

"எந்திரிங்க சார், புல்லு நசுங்குது."

"அப்புறம் புல்லு எதுக்குண்ணே?"

"பாக்கறதுக்கு சார்."

பார்ப்பதற்கும் நேரம் உண்டு: காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. இடையில் பூட்டு. வெயிலுக்கு ஒதுங்க ஒருவன் பூங்காவைத் தேடுகிற நேரம் எதுவோ அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் பூட்டியிருக்கிறார்கள்.

குறை சொல்லிக்கொண்டே இருப்பதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பூங்காவில் வேண்டாததைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், அவ்வளவுதான். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ட்ரெவெல்யன் கவர்னராக இருந்தபோது போட்ட பூங்கா. நூறு ஏக்கருக்கு மேல். அதில் விக்டோரியா ஹால் முளைத்தது, மூர் மார்க்கெட் முளைத்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை முளைத்தது. பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே பூங்காவுக்குள் குடிவந்துவிட்டது! பிறகு ஸ்டேடியம். மை லேடீஸ் கார்டன் என்கிற துண்டு நீங்கலாக இன்றைக்கு மிச்சம் பார்க் ஸ்டேஷனும் பார்க் டவுனும்தான். அதை நினைத்தால் எங்கள் டைனோசர் எவ்வளவோ சாது.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது விதி. விடுகிறார்கள். மனையாக விற்க முடியாத மூலை எதுவோ, ஓடை எந்தப் பக்கமோ, அதுவே பூங்கா. எங்கள் நகரில் அந்த இடத்தில் இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு டிரான்ஸ்பார்மரும் காற்று வாங்குகின்றன.

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மேம்பாடு எப்படியும் வரும். அப்போது நீரூற்று வேண்டாம். இருப்பதே திறப்பு விழாவன்று மட்டும்தான் ஊற்றியது. ஐ லவ் போட்ட எழுத்துப் பலகையும் வேண்டாம், ஊர் மேல் எங்களுக்குப் பிரியம் தானாகவே உண்டு. மேற்கு ஓரத்தில் பேவர் பிளாக்கைக் கொஞ்சம் பெயர்த்துவிட்டு நாலு புங்கன் கன்று நட்டுத் தாருங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் போட வேண்டியதில்லை. எட்டில் நடக்கிற எங்கள் கையில் ஆளுக்கொரு குடத்தைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் எப்படியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.