நல்லூருக்குப் போகவேண்டிய கார்

மின்சாரக் கார் வாங்கலாமோ என்று பேராதனையில் ஒருவர் வாய்விட்டு யோசித்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் உடனே கேட்பார்: “நாட்டில எத்தனை சார்ஜிங் பொயின்ற் இருக்குது?” கேள்வி மிகவும் பொறுப்பானது. ஆனால், அதைக் கேட்பவர் பெரும்பாலும் கார் வாங்கப்போகிறவராக இருப்பதில்லை. நாட்டிலுள்ள சார்ஜர்களின் மொத்தத் தொகை என்பது நாட்டிலுள்ள பல்வைத்தியர்களின் மொத்தத் தொகையைவிடக் கொஞ்சம் குறைவாகவே நமக்குப் பயன்படும் என்பது என் கட்சி. பேராதனைவாசி ஒருவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு தகவல்கள். வீட்டில் கார் நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வருமா? வருடத்தில் தவிர்க்கவே முடியாத அந்த ஒரு நெடும்பயணப் பாதையில், தன் காருக்குப் பொருந்துகிற பிளக், ஒரே இடத்தில் இரண்டேனும் இருக்குமா? இவை தெரிந்தால் மீதிப் பட்டியலைக் கொழும்புக்காரருக்கே விட்டுவிடலாம்.

முதலில் அன்றாடத்தைப் பார்ப்போம். பேராதனையிலிருந்து கண்டி நகரம் ஆறு கிலோமீற்றர். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி, அலுவலகம் போய், கெட்டம்பேயில் நெரிசலில் நின்று, மாலையில் மரக்கறியும் வாங்கி வீடு திரும்பினாலும் ஒரு நாளில் முப்பது கிலோமீற்றர் ஓடுவது பெரிய காரியம். நெரிசலில் நிற்கும்போது மின்கார் ஏசியைத் தவிர வேறெதற்கும் பெரிதாகச் செலவழிக்காது. அந்த வகையில் கண்டி வீதி அதற்கென்றே போடப்பட்டதுபோல இருக்கிறது. முப்பது கிலோமீற்றருக்கு நான்கைந்து யுனிட் மின்சாரம் போதும். வீட்டிலுள்ள சாதாரண 13 அம்பியர் பிளக்கிலிருந்து மணிக்கு இரண்டு யுனிட்டுக்கு மேல் எடுக்கலாம். நேரத்துக்கேற்ற கட்டணமுறைக்கு மாறியவர்களுக்கு இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு நேரம். அந்த ஏழு மணித்தியாலத்தில் தேவையானதைப்போல மூன்று மடங்கு ஏறிவிடும். ஆகவே வீட்டில் பிளக் உள்ளவருக்கு நாட்டின் சார்ஜிங் வலையமைப்பு என்பது, வீட்டில் கிணறு உள்ளவருக்கு நகரசபைக் குழாய் போன்றது: இருந்தால் நல்லது.

சிக்கல், இந்த ஊரில் வீடும் காரும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதுதான். வீதி மேட்டில் ஓடும், வீடு பள்ளத்தில் இருக்கும், நடுவில் பாசி படிந்த படிக்கட்டு. கார் மேலே தகரக் கூரையின்கீழ் நிற்கும். சொந்தக்காரர் கீழே இருந்து அதை அண்ணாந்து பார்ப்பார். மெயின் சுவிட்ச் இருப்பது கீழே. மேலே வயர் இழுப்பதென்றால் கொய்யா மரத்தைக் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், மழையைக் கேட்க வேண்டும். முதல் தூறலுக்கே ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க இருட்டாகும். அது தன் கடமையைச் செய்கிறது, திட்டக்கூடாது. பல்கலைக்கழக விடுதியிலோ வாடகை அறையிலோ இருப்பவருக்கு அந்தக் கொய்யா மரமும் இல்லை. வலையமைப்பு உண்மையாக யாருக்கு வேண்டுமென்றால் இவர்களுக்குத்தான். நெடுஞ்சாலையில் வேகச் சார்ஜர் வைத்தால் இவர்கள் பிரச்சினை தீராது. தினமும் கார் சும்மா நிற்கும் இடத்தில் மெதுவான பிளக் வைத்தால் தீரும்.

சமதரையில் எழுதப்பட்ட விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்று மலை. பேராதனை கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீற்றர், நுவரெலியா 1,868. ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த 1,400 மீற்றர் தூக்கி வைப்பதற்கு மட்டும் ஆறரை யுனிட் வேண்டும்; வழியில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்தால் ஏழைத் தாண்டும். கம்பளை, றம்பொடை வழியாக எழுபது கிலோமீற்றர் உருள்வதற்கு இன்னொரு பத்து. மொத்தம் பதினேழு. ஜப்பானில் இருந்து வந்த பழைய நிசான் லீஃபின் பற்றரி புதிதாக இருந்தபோது 24 யுனிட். பத்து வருடத்தில் மீட்டரிலுள்ள பன்னிரண்டு கோட்டில் நாலு கோடு தேய்ந்திருந்தால் கையில் மிஞ்சுவது பதினான்கோ பதினைந்தோ. றம்பொடை நீர்வீழ்ச்சியை ஆற அமரப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடையாது. கொழும்புப் பக்கம் இறங்குகிறவருக்கு வேறு விதமான ஏமாற்றம். கடுகண்ணாவை இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தரும், மீட்டர் மனமாரப் புகழும். திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு மூன்று நான்கு யுனிட் கூடுதலாகக் கேட்கும். நுவரெலியாவில் முழுக்கச் சார்ஜ் செய்துகொண்டு இறங்கலாம் என்று நினைப்பவர், நிரம்பிய பற்றரியில் திருப்பிச் சேமிக்க இடமிருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மலைநாட்டில் சார்ஜரின் இடம், அதன் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு முக்கியமாவது இதனால்தான். உச்சியில் ஒன்று வேண்டும். அடிவாரத்தில் ஐந்து இருந்து என்ன செய்ய?

அடுத்தது பிளக். 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது இலங்கைக்கு லீஃப் கார்கள் கூட்டமாக வந்தன. அவற்றின் வேகச் சார்ஜிங் வாய் ஜப்பானின் சாடெமோ. அதை நம்பிச் சிலர் சார்ஜர் வைத்தார்கள். 2016ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வரி ஏறியது, வரத்துச் சுருங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோது உள்ளே வந்த புதிய சீனக் கார்களில் பல ஐரோப்பாவின் சிசிஎஸ் 2 வாயோடு வந்தன. சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை ஜிபி-டி வாயோடு பிறந்தவை. ஜப்பானின் குட்டிக் காரான நிசான் சகுரா மறுபடி சாடெமோவோடு. ஆக ஒரே வீதியில் மூன்று சமயத்தவர். இதற்காக நம்மை மட்டும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2023இல் போர்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டோர்ஸும் தங்கள் பிளக்கைக் கைவிட்டு டெஸ்லாவின் பிளக்குக்கு மாறுவதாக அறிவித்தன. டெஸ்லாவின் கார் அழகென்று அவர்கள் போகவில்லை. அதன் சார்ஜர்கள் வேலை செய்தன. நம் நாட்டிலோ மோட்டாரின் கிலோவாற்றை அளந்து வரி போடுகிறார்கள், காரின் வாயைத் திறந்து பார்ப்பவர் யாருமில்லை. மாடு வாங்குகிறவர்கூட முதலில் பல்லைப் பார்ப்பார்.

இப்போது அந்த ஒரு நெடும்பயணம், யாழ்ப்பாணம். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் சுமார் 320 கிலோமீற்றர். சகுராவின் பற்றரி 20 யுனிட்; அதைப் போன்ற சிறிய காருக்குத் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று மூன்று இடத்திலும் சார்ஜர் வேண்டும், மூன்றும் அன்றைக்கு வேலை செய்யவும் வேண்டும். ஒரு சார்ஜர் பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒழுங்காக இயங்கும் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகத்தான், எந்தக் கம்பனியாரும் கோபிக்க வேண்டாம்). ஓரிடத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தால், மூன்றும் இயங்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பத்தொன்று. ஐம்பத்தொரு வீதம் எடுத்தால் இந்த நாட்டில் ஜனாதிபதி ஆகலாம்; யாழ்ப்பாணம் போய்ச்சேருவது நிச்சயமில்லை. அதே மூன்று இடத்திலும் இரண்டிரண்டு வைத்தால் வாய்ப்பு எண்பத்தெட்டாகிறது, மூன்று மூன்று வைத்தால் தொண்ணூற்றெட்டு. புதிதாக வரும் சார்ஜரைப் புதிய ஊரில் வைத்து வரைபடத்தில் புள்ளி கூட்டுவதைவிட, பழைய ஊரில் பழையதன் பக்கத்தில் வைப்பது பயணிக்கு நல்லது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. பொறியியற் பீடத்தில் முதலாம் வருடப் பிள்ளையும் இதைப் போட்டுவிடும். ஆனால் புதிய ஊரில் வைத்தால்தான் நாடா வெட்டலாம்.

“பெரிய பற்றரி வாங்கினால் வலையமைப்பே தேவையில்லையே” என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி உண்மை. அறுபது யுனிட் பற்றரியோடு ஏ9இல் ஒரு தடவை நின்றால் போதும்; 50 கிலோவாற் சார்ஜரில் இருபது வீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடும், அதற்குள் வவுனியாவில் சாப்பாடு முடியும். ஆனால் வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ போகிற பயணத்துக்காக, மீதி நாளெல்லாம் நூற்றுக்கணக்கான கிலோ பற்றரியைக் கெட்டம்பே நெரிசலில் சுமந்து நிற்பதற்குப் பணம் கட்டுகிறோம். கூடவே இந்த மறுப்பு தன்னையே விழுங்குகிறது: பெரிய பற்றரிக்குக் காசு கொடுக்கிறவர், நாட்டில் போடாத சார்ஜரைத் தன் காருக்குள் போட்டுக்கொள்கிறார். வலையமைப்பு முக்கியமில்லை என்பதற்கு இது சாட்சியாகாது.

“பெற்றோலும் இப்படித்தான் தொடங்கியது” என்பது அடுத்தது. உண்மைதான். 1888இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு, ஏறத்தாழப் பேராதனை – கொழும்புத் தூரம், கணவரின் காரை ஓட்டிக்கொண்டு போனபோது வழியில் எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். ஆனால் மருந்துக் கடைப் போத்தலை எந்தக் காரிலும் ஊற்றலாம். சிசிஎஸ் 2 மின்சாரத்தைப் போத்தலில் வாங்கிச் சாடெமோக் காரில் ஊற்ற முடியாது. “கரண்ட் போனால்?” என்பவருக்கு 2022ஐ நினைவூட்டுவேன். அந்த மார்ச் 31இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. மீதிப் பதினொன்றில் லீஃப்காரர் சார்ஜ் ஏற்றிக்கொண்டார், பெற்றோல்காரர் வரிசையில் இருந்தார், யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகும் இருந்தார். பெற்றோல் பம்புக்கும் கரண்ட் வேண்டும் என்பது தனி. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வாழ்கிற நாங்கள் குரங்கின் ஆற்றலைச் சந்தேகிப்பதில்லை.

கடைசியாக நோர்வே. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார். நீர்மின்சாரம் இருக்கிறது, அதனால் என்பார்கள். நமக்கும் மகாவலி வாசலில் ஓடுகிறது. விக்டோரியா நீர்மின் நிலையம் மட்டும் 210 மெகாவாற். அதற்கு மேல் கூரைச் சூரியமின்சாரம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்துவிட்டதால் பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வையுங்கள் என்று சொந்தக்காரர்களைக் கேட்டார்கள். ஒரு பக்கம் மத்தியானக் கரண்டை வைக்க இடமில்லை. மறு பக்கம் பல்கலைக்கழகத்திலும் போதனா வைத்தியசாலையிலும் எட்டு மணித்தியாலம் வெயிலில் நிற்கும் கார்களுக்குப் பிளக் இல்லை. அங்கே ஐம்பது சாதாரணப் பிளக் வைத்தால், படிக்கட்டுக்குக் கீழே வீடுள்ளவர் மலிவான பழைய காரையே துணிந்து வாங்குவார்.

அப்போது யாழ்ப்பாணத்துக்கு? கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது என்பேன். பணக்கணக்கில் இதற்குப் பதில் கிடையாது: பெரிய பற்றரிக்குக் கொடுக்கும் மேலதிகக் காசில் குடும்பமே சாகும்வரை போய்வரலாம். ஆனால் எதிர்த்தரப்பு இங்கேதான் வெல்கிறது. அங்கே நல்லூர்த் திருவிழாவுக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், கண்டியில் மின்கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எந்தச் சித்தப்பா நம்புவார்? ஆகவே சித்தப்பா உள்ளவர்கள் மட்டும் வவுனியாவில் தங்கள் வாய்க்குப் பொருந்துகிற சார்ஜர் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று, கார் வாங்கும் முன்னரே, நேரில் போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. பஸ்ஸில் போகலாம்.