படம் நல்லாத்தான் வருது

அந்தக் காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் மின்காந்த அலைக்கு நிறமே கிடையாது. ஃபோர்ட்ரான் நிரலை மாலையில் ஓடவிட்டுப் போனால், மறுநாள் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கரகரவென்று எண்களாகத் துப்பிக்கொண்டிருக்கும். அந்த எண்களை யாரும் நம்பவில்லை. நிரலை எழுதியவரே நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அந்த நிரலில் இருந்த முறையை 1966-இல் கேன் யீ தந்தார்: வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக்கட்டம் தள்ளித் தள்ளி வைத்து, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் காலத்தில் படிப்படியாக நகர்த்துவது. காலப்படி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற நிபந்தனையைச் சரியாகச் சொல்ல 1975-இல் டஃப்லோவும் பிராட்வினும் வரவேண்டியிருந்தது. மூலவருக்கே திருத்தம் என்றால் எங்களுக்கு எத்தனை பயம் இருந்திருக்கும்!

கணக்கிடும் பெட்டியின் எல்லைச் சுவரில் மோதி அலை திரும்பிவிடுமே என்று பெட்டியைப் பெரிதாக்கி, எதிரொலி வந்து சேருமுன் கணக்கை நிறுத்துவோம். 1994-இல் பெராஞ்ஜேயின் உறிஞ்சும் அடுக்கு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. அது அசல் முன்னேற்றம், மறுக்கவில்லை. செமினாருக்கு மட்டும் ஒற்றைப் பரிமாணக் கணக்கைத்தான் எடுத்துப்போவோம். அங்கே அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தையே காலப்படியாக வைத்தால் விடை அச்சு அசலாக வந்துவிடும். கேட்பவர்களும் மற்ற பரிமாணங்களைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

மற்ற நாட்களில் ஒரே சடங்கு: கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டு. பிழை கால்வாசியாகக் குறைந்தால் நிம்மதி. முப்பரிமாணத்தில் இதற்கு 16 மடங்கு வேலை. இயந்திரத்துக்காக மற்றவர்களோடு சண்டை போட்டுத்தான் ஓட்டினோம்.

இன்று அந்த 16 மடங்கை ஜிபியு டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடும். அதனாலோ என்னவோ, யாரும் ஓட்டுவதில்லை. திரையில் சிவப்பும் நீலமுமாக அலை வழுக்கிக்கொண்டு போகிறது, கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வளைந்த உலோகப் பரப்பைப் படிக்கட்டாக வெட்டிவைத்திருப்பதுகூட அந்த நிறத்தில் தெரிவதில்லை.

சென்ற மாதம் ஓர் இளைஞரிடம் கேட்டேன்: "தம்பி, அலைநீளத்துக்கு எத்தனை கட்டம் வச்சிருக்கீங்க?"

"பத்து சார். டிஃபால்ட்."

"காலப்படி?"

"கட்டத்தைக் கடக்கிற நேரத்துல பாதி."

"கட்டத்தைப் பாதியாக்கிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு சார்? படம் நல்லாத்தானே வருது?"

நல்லாத்தான் வருகிறது. அச்சு வழியே பத்து அலைநீளம் தாண்டுவதற்குள் அலையின் ஃபேஸ் சுமார் 45 டிகிரி பின்தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். 20 கட்டம் வைத்திருந்தால் 11 டிகிரியோடு போயிருக்கும்.