எலான்காரரும் ரேஞ்ச் ரோவர்காரரும்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் வெயிலும் சேர்ந்து வருவது அபூர்வம். வந்துவிட்டால், கிராமத்து மதுக்கடை வாசலில் பழைய கார்ப் பிரியர்கள் கூடிவிடுவார்கள்.

அவர்களில் எலான்காரரைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். சாவிக்கொத்தில் ஒரே ஒரு சாவி இருக்கும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான், கண்ணாடியிழை உடம்போடு 700 கிலோவைத் தொடாத வண்டி. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனுக்கு எடை என்றாலே ஆகாது. அந்த ஒவ்வாமை வாங்கியவருக்கும் தொற்றிக்கொள்ளும். ஸ்டெப்னியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். மனைவி கைப்பையோடு ஏறினால், "இது இன்றைக்கு அவசியமா?" என்பார். இத்தனை கணக்கிலும் அவருடைய தொப்பை மட்டும் சேராது.

அந்தக் காலத்தில் எலானை உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. "அப்படிப் பூட்டிய வண்டியாக்கும் இது" என்று மார்பை நிமிர்த்துவார். வரியை மிச்சம் பிடித்தவர் வேறு யாரோ, பெருமை இவருக்கு. முன்விளக்குகள் எஞ்சினின் உறிஞ்சுவிசையால் மேலெழும். குழாயில் எங்காவது காற்றுக் கசிந்தால் ஒன்று மட்டும் மெல்லத் தாழ்ந்துவிடும். எதிரே வருகிறவர்கள், கிழவர் கண்ணடிக்கிறார் என்று நினைக்காமலிருந்தால் சரி.

ரேஞ்ச் ரோவர்காரர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவசியமும் இல்லை, அத்தனை உயரம். 1970-இல் வந்த அந்த வண்டி ஏறக்குறைய 1,700 கிலோ, 3.5 லிட்டர் வி8 எஞ்சின், லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர். சேற்றில் உழல்பவர்களை நினைத்து, உள்ளே குழாய்த் தண்ணீர் அடித்தே கழுவும்படி செய்தார்கள். நம்மவரோ, துருவுக்குப் பயந்து சாலையோரத்துக் குட்டையைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போவார். பின்கதவின் கீழ்ப்பாதியை இறக்கி, அதில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவதோடு வனவாசம் முடிந்தது.

"உங்கள் கதவின் எடையில் நான் ஒரு காரே செய்துவிடுவேன்" என்பார் எலான்காரர்.

"அடடே, இங்கே ஒரு கார் நிற்கிறதா? குனிந்து பார்க்கவில்லை" என்பார் மற்றவர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வளைந்த கிராமத்துச் சாலையில் எலான் திரும்புகிற அழகைப் பார்த்தால் கேலி வாயிலேயே நின்றுவிடும். அது நடுவழியில் நின்றுவிட்டால் இழுத்துப் போக ரேஞ்ச் ரோவரில் கயிறு தயாராக இருக்கும். அதைப் போட்டுக் கட்டும்போது அவர் முகத்தில் தெரிகிற பரிவு இருக்கிறதே, எலான்காரருக்கு வண்டி நின்ற வருத்தத்தைவிட அதுதான் தாங்காது.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்குச் சாலை வரியும் இல்லை, ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அந்தச் சோதனையைக் காரை விட்டுவிட்டு, வைத்திருப்பவருக்கு நடத்தலாம் என்பது என் கட்சி.